பாட்டை மாற்றிய பாதிரியார்: சபைன் பேரிங்-கூல்டின் சேகரிப்பை நம்பலாமா?

கேள்வி இதுதான்: ‘ஆன்வர்டு, கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்’ என்ற ஞானப்பாட்டை எழுதிய விக்டோரியா காலத்துப் பாதிரியார் நாவல்களும் எழுதினாராம், நாட்டுப் பாடல்களும் சேகரித்தாராம். ஆனால் அந்தப் பாடல்களின் வரிகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார் என்கிறார்கள். அப்படியானால் அவருடைய சேகரிப்பை நம்பலாமா?

முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஜனங்கள் இப்படித்தான் பாடினார்கள்’ என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை நம்பலாம், நன்றாகவே நம்பலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் பதில் நீளும்.

சபைன் பேரிங்-கூல்ட் 1834 ஜனவரி 28-இல் இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்து எக்ஸிட்டர் நகரத்தில் பிறந்தார். அப்பா எட்வர்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் குதிரைப்படையில் லெப்டினன்டாக இருந்து 1830-இல் விலகி ஊர் திரும்பியவர். திரும்பியவருக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரான்ஸ், ஜெர்மனி என்று வருடக்கணக்கில் சுற்றினார். அதனால் பையனுக்கு முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. மொழிகள் மட்டும் நிறைய வந்து சேர்ந்தன. 1850-இல் பிரான்ஸின் போ நகரத்தருகே தங்கியிருந்தபோது, பதினாறு வயதில், மண்ணுக்கடியில் ஒரு ரோமானிய மாளிகையின் தரைச் சித்திரத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார். எங்கே போனாலும் அந்த இடத்தில் புதைந்து கிடப்பதைத் தேடும் குணம் அப்போதே வந்துவிட்டது.

குடும்பத்துக்கு டெவனில் லூ ட்ரென்சர்ட் என்ற ஊரில் 3,000 ஏக்கர் எஸ்டேட் இருந்தது. இளவயதிலேயே அவர் மூன்று காரியங்களை மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்: அந்த ஊர்ச் சர்ச்சைப் பழையபடி சீர்செய்வது, குடும்ப வீட்டைப் புதுப்பிப்பது, ஊர் ஜனங்களை நல்வழிப்படுத்துவது. இந்தப் பட்டியலில் பாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். பிற்காலத்தில், தன் வாழ்க்கையில் தான் செய்த முக்கியமான வேலை பாட்டுச் சேகரித்ததுதான் என்று அவரே கருதினார். அந்த வேலையோ அவருக்கு 54 வயதான பிறகுதான் தொடங்கியது.

கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரிப் படிப்பு, ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட் பள்ளியில் ஏழு வருடம் வாத்தியார் வேலை, 1862-இல் ஐஸ்லாந்துப் பயணம், அடுத்த வருடமே அதைப் பற்றி ஒரு புத்தகம். இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடலாம். 1864-இல் குருப்பட்டம் பெற்று யார்க்‌ஷயரில் ஹார்பரி என்ற ஊருக்கு உதவிப் பாதிரியாராகப் போனார். கம்பளி ஆலைகள் நிறைந்த வட்டாரம். அங்கே ஹார்பரி பிரிட்ஜ் பகுதியில் ஆலைத் தொழிலாளிகளுக்காக இரவுப் பள்ளியும் வழிபாட்டிடமும் ஆரம்பித்தார். பெந்தெகொஸ்தே பண்டிகைக்குப் பிள்ளைகள் கொடி பிடித்து, சிலுவை தூக்கி, பக்கத்து ஊருக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. நடந்துகொண்டே பாடத் தோதான பாட்டு ஒன்றும் கையில் இல்லை. ராத்திரி உட்கார்ந்து அவசரமாக எழுதியதுதான் ‘ஆன்வர்டு, கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்’. சில எதுகைகள் சரியாக விழவில்லை என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். 1871-இல் ஆர்தர் சல்லிவன் அதற்குப் போட்ட மெட்டுதான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிள்ளைகளின் ஊர்வலத்துக்காக ஒரே ராத்திரியில் எழுதிய பாட்டுக்காக மட்டுமே அவர் பெயர் நினைவில் நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஹார்பரியில்தான் கிரேஸ் டெய்லரைச் சந்தித்தார். ஆலையில் வேலை செய்த பெண். சந்தித்தபோது அவளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதுதான் இருக்கும். அவளை இரண்டு வருடம் யார்க் நகரத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கவைத்து, மேல்தட்டு வீட்டுப் பேச்சும் நடையும் கற்றுக்கொள்ள வைத்தார்கள். 1868-இல் கல்யாணம். அவருக்கு 34, அவளுக்கு 18. இன்றைக்கு இதைப் படிக்கும்போது மனம் சங்கடப்படத்தான் செய்கிறது, அதை மறைத்துப் பேசத் தேவையில்லை. ஒரு பெண்ணின் பேச்சையே மாற்றிவிட்டுத்தான் மணமேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் கல்யாணம் 48 வருடம் நிலைத்தது, பதினைந்து பிள்ளைகள் பிறந்தார்கள். 1916-இல் கிரேஸ் இறந்தபோது கல்லறையில் லத்தீனில் ‘என் உயிரில் பாதி’ என்று பொறிக்கச் சொன்னார்.

அதே 1868-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், ‘த்ரூ ஃபிளட் அண்ட் ஃபிளேம்’, யார்க்‌ஷயர் ஆலை வட்டாரத்துக் கதை. இதில்தான் ஒரு பழக்கம் தொடங்குகிறது. எந்த ஊரில் இருந்தாரோ அந்த ஊரே நாவலாகும். மனிதர்களுக்கு முன்னால் அவருக்கு நிலம்தான் கண்ணில் படும். அந்த நிலம் எப்படிப்பட்ட மனிதர்களை உண்டாக்கும் என்று யோசித்து, அப்புறம்தான் கதைக்கே வருவார்.

1871-இல் எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் ஈஸ்ட் மெர்சி என்ற ஊருக்கு ரெக்டராக, அதாவது ஊர்ச் சர்ச்சின் பொறுப்புப் பாதிரியாராக, அனுப்பப்பட்டார். சேறு, உப்புச் சதுப்பு, கொசு, கடற்காற்று. அந்த ஊர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் பத்து வருடம் இருந்தார். அந்தப் பிடிக்காத பத்து வருடத்திலிருந்துதான் அவருடைய ஆகச் சிறந்த நாவலான ‘மெஹாலா’ 1880-இல் வந்தது. சதுப்புக்கு நடுவில் ஒரு சின்னத் தீவில் தாயோடு வாழும் பெண் மெஹாலா. அவள் குடியிருக்கும் நிலத்தை எலைஜா ரீபோ என்பவன் விலைக்கு வாங்கிவிடுகிறான். நிலத்தோடு அவளும் தனக்குச் சொந்தம் என்பது அவன் எண்ணம். அவன் வீட்டு நிலவறையில் பைத்தியம் பிடித்த சகோதரன் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறான். அவளோ ஒரு நிமிடம்கூட அவனுக்குத் தலைவணங்கவில்லை. கவிஞர் ஸ்வின்பர்ன் இந்த நாவலை எமிலி பிரான்டேயின் ‘வதரிங் ஹைட்ஸ்’ வரிசையில் வைத்துப் பேசினார். அந்த உயரத்தை எட்டியதா என்றால், என் கணக்கில் இல்லை. சில இடங்களில் நாடகத்தனம் மிஞ்சிப்போகிறது. ஆனால் வானமும் சேறும் ஒரே நிறமாகக் கிடக்கும் அந்த நிலத்தை அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தால் மறக்காது.

1872-இல் அப்பா இறந்ததும் லூ ட்ரென்சர்ட் எஸ்டேட் அவருக்கு வந்தது. கூடவே அந்த ஊர்ச் சர்ச்சுக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமையும் வந்தது. அன்றைய இங்கிலாந்தில் அது நிலச் சொத்தோடு சேர்ந்த உரிமை. 1881-இல் பதவி காலியானபோது தன்னையே நியமித்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஊர் ஜமீன்தாரை அங்கே ‘ஸ்கொயர்’ என்பார்கள், பாதிரியாரைப் ‘பார்சன்’ என்பார்கள். இரண்டும் ஒருவரே என்றால் இரண்டு சொல்லையும் ஒட்டி ‘ஸ்க்வார்சன்’. அந்த வகையில் கடைசி ஆட்களில் ஒருவர் இவர். மேடை போன்ற உயரமான மேசை முன்னால் நின்றுகொண்டேதான் எழுதுவார். முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள், புனிதர் வரலாறுகள், பயணநூல்கள், ஓநாய் மனிதன் நம்பிக்கையைப் பற்றி ஒரு புத்தகம் என்று சின்னதும் பெரியதுமாகச் சேர்த்தால் 1,200-ஐத் தாண்டும். இவ்வளவு வேகத்தில் எழுதியவரிடம் பிழைகள் இல்லாமல் இருக்குமா? ராபர்ட் ஹாக்கர் என்ற இன்னொரு பாதிரியாரைப் பற்றி அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் தகவல் தவறுகள் இருப்பதாக அப்போதே சண்டை போட்டார்கள். ‘நம்பலாமா’ என்ற சந்தேகம் அவர்மேல் எழுவதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

சரி, இப்போது பாட்டுக்கு வருவோம்.

1888-இல் டேவிஸ்டாக் ஊருக்குப் பக்கத்தில் டேனியல் ராட்ஃபோர்ட் என்பவர் வீட்டில் ஒரு விருந்து. பேச்சு டெவனின் பழைய பாடல்கள் பக்கம் திரும்பியது. ஆளுக்கு ஒன்றிரண்டு நினைவுக்கு வந்தது, முழுசாக ஒருவருக்கும் தெரியவில்லை. ‘இதை யாராவது சேகரிக்காவிட்டால் போய்விடும், நீங்களே செய்யுங்கள்’ என்று ராட்ஃபோர்ட் வற்புறுத்தினார். பேரிங்-கூல்டுக்குத் தன் சிறுவயது ஞாபகம் வந்தது. டார்ட்மூர் மேட்டுநிலத்தில் குதிரையில் சுற்றி, சின்னச் சின்னச் சத்திரங்களில் தங்கியபோது, அங்கே கிராமத்து ஆட்கள் உட்கார்ந்து பாடுவதைக் கேட்டிருந்தார். அந்தப் பாட்டெல்லாம் இப்போது எங்கே?

தேட ஆரம்பித்தால், பாடியவர்கள் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள். இளைஞர்கள் நகரத்து மியூசிக்-ஹால் பாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். பழைய பாட்டை யாரும் கேட்பதில்லை என்பதால் கிழவர்களும் வாய் திறப்பதில்லை. ஊரில் ஜமீன்தாரும் அவரே, பாதிரியாரும் அவரே. அப்படிப்பட்டவர் வந்து ‘உன் பாட்டைப் பாடு’ என்றால் ஒரு கூலிக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தன் ஊரைச் சேர்ந்தவர்களிடமிருந்துதான் முதலில் தொடங்கினார்.

அவர்களில் ஜேம்ஸ் பார்சன்ஸ் என்பவரை நான் முதலில் சொல்வேன். எழுபதைத் தாண்டிய, ஆஸ்துமாவில் இளைத்துப்போன கூலித்தொழிலாளி. வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே பண்ணையில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கு வட்டாரம் முழுக்கப் பட்டப்பெயர் ‘பாடும் இயந்திரம்’. பாட்டுத் தீரவே தீராது என்று பெயர் வாங்கிய ஆள். ‘அவரில் பாதிகூட எனக்கு வராது’ என்று மகன் தலையை ஆட்டுவாராம். அந்தப் பாதியிலிருந்துதான் மிகப் பழைய மெட்டுகளும் கதைப்பாடல்களின் பழைய வடிவங்களும் கிடைத்தன என்று பேரிங்-கூல்ட் பதிவு செய்திருக்கிறார். அந்த அப்பாவோடு போன மீதிப் பாதியை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனது கனக்கும்.

இன்னும் பலர். சவுத் பிரென்ட் ஊரில் சாலையோரம் ஜல்லி உடைத்துப் பிழைத்த ராபர்ட் ஹார்டு. அதே வட்டாரத்தில் மாவு ஆலை நடத்திய ஜான் ஹெல்மோர். மேரி டேவி ஊரில் சாமுவேல் ஃபோன் என்ற கொத்தனார். டார்ட்மூரின் நடுவில் ஹக்காபி பாலத்துக்குப் பக்கத்தில் சாலி சாட்டர்லி என்ற கிழவி. சாலிக்கு உட்கார்ந்து பாட வராது. வீட்டு வேலை செய்துகொண்டே பாடினால்தான் வரிகள் வரிசையாக வரும். அதனால் பாதிரியாரும் அவரோடு வந்தவரும் நோட்டுப் புத்தகத்தோடு அந்த அம்மாவின் பின்னாலேயே அலைந்து எழுதினார்கள். வேலையையும் பாட்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பேரிங்-கூல்டுக்கு மெட்டைக் காதால் பிடிக்கத் தெரியும், ஆனால் சுரக்குறிப்பு எழுதுவதில் தேர்ச்சி குறைவு. அதற்கு இரண்டு பேர் துணை. ஒருவர் யார்க்‌ஷயர் பாதிரியார் ஃபிளீட்வுட் ஷெப்பர்ட். இன்னொருவர் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஆசிரியரான பிரடெரிக் பஸ்ஸல். ஒலிப்பதிவுக் கருவி எதுவும் கையில் இல்லாத காலம். ஒருவர் வரிகளையும் இன்னொருவர் மெட்டையும் எழுதிக்கொள்வதுதான் முறை. 1889 தொடங்கி 1891-க்குள் ‘சாங்ஸ் அண்ட் பாலட்ஸ் ஆஃப் தி வெஸ்ட்’ நான்கு பகுதிகளாக வெளிவந்தது. இங்கிலாந்தில் நாட்டுப் பாடலைத் தேடிப்போன முதல் ஆள் அவர் இல்லை. 1843-லேயே ஜான் பிராட்வுட் என்ற இன்னொரு பாதிரியார் ஒரு சின்னத் தொகுப்பு போட்டிருந்தார். ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க, பாடியவர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று குறித்துக்கொண்டு, இவ்வளவு பெரிய அளவில் இறங்கியவர்களில் இவர் மிக முந்தியவர். நாட்டுப் பாடல் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயரான செசில் ஷார்ப் 1903-இல்தான் இந்த வேலையைத் தொடங்கினார்.

இனி குற்றச்சாட்டு. பாட்டை மாற்றினாரா? மாற்றினார். சந்தேகமே இல்லை.

‘ஸ்ட்ராபெர்ரி ஃபேர்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தைக்குப் போகும் பெண்ணை வழியில் ஒருவன் சந்திக்கிறான். ஜனங்கள் பாடிய வடிவத்தில், என்னிடம் பூட்டு இருக்கிறது, சாவிதான் இல்லை என்கிறாள் அவள். அது என்ன பூட்டு, என்ன சாவி என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். பேரிங்-கூல்ட் மெட்டை வைத்துக்கொண்டு வரிகளைப் புதிதாக எழுதினார். அவர் வடிவத்தில் அவன் கடைசியில் தங்க மோதிரம் தருகிறான், சர்ச்சில் கல்யாணம் நடக்கும். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறைகளாகப் பாடியது இந்த வடிவத்தைத்தான்.

ஏன் செய்தார்? அந்தப் புத்தகம் யாருக்கு விற்றது என்று பாருங்கள். வரவேற்பறையில் பியானோ வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு. வீட்டுப் பெண்பிள்ளைகள் பியானோ வாசித்துப் பாட வேண்டும், விருந்தாளிகள் கேட்க வேண்டும். அந்த அறைக்குள் ஜல்லி உடைக்கிறவரின் பாட்டைக் கொண்டுபோக வேண்டுமென்றால், ஒன்று வரிகளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாட்டையே விட்டுவிட வேண்டும். மெட்டாவது பிழைக்கட்டும் என்று அவர் முதல் வழியை எடுத்தார். அவர் பாதிரியார் என்பதால் அவருக்கே சில வரிகள் கூச்சமாக இருந்திருக்கும் என்பதும் உண்மை. வரிகள் பாதி மறந்துபோய்த் துண்டாகக் கிடைத்த பாடல்களை அவரே எழுதி நிரப்பியதும் உண்டு. நாவல் எழுதிப் பழகிய கை, இடைவெளியைக் கண்டால் சும்மா இருக்காது.

இதை நான் நியாயப்படுத்தவில்லை. இழப்பு இழப்புதான். கிராமத்து ஜனங்கள் காதலையும் உடம்பையும் எவ்வளவு இயல்பாக, எவ்வளவு நயமாகப் பாடினார்கள் என்பதை அந்தப் புத்தகம் மறைத்துவிட்டது. வாசித்தவர்கள் கிராமம் என்றாலே வெள்ளந்தி என்று நினைத்துக்கொண்டார்கள். கிரேஸின் பேச்சுக்கு யார்க் நகரத்தில் நடந்தது பாட்டுக்கு அச்சுக்கூடத்தில் நடந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் மாற்றிய இடங்களைப் பற்றிப் புத்தகத்தின் குறிப்புகளிலேயே பல இடத்தில் சொல்லியிருக்கிறார். மறைத்து ஏமாற்றும் எண்ணம் இருந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். அதைவிடப் பெரிய விஷயம், கேட்டதைக் கேட்டபடி எழுதிய பிரதிகளை அவர் கிழித்துப் போடவில்லை. 1914-இல், எண்பது வயதில், பாட்டுகளைச் சுத்தமாக எடுத்தெழுதிய தொகுதிகளையும் நோட்டுப் புத்தகங்களையும் பிளிமத் பொது நூலகத்துக்குக் கொடுத்தார். ஒரே பாட்டு மூன்று நான்கு பேரிடம் கிடைத்திருந்தால் அத்தனை வடிவமும் அங்கே இருக்கிறது. யாரிடம் எந்த ஊரில் கேட்டது என்பதும் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு ஆங்கிலக் கதைப்பாடல்களின் பெருந்தொகுப்பை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அவருக்கும் டெவனிலிருந்து வடிவங்களை அனுப்பியிருக்கிறார்.

கதை அதோடு முடியவில்லை. அவர் இறந்தது 1924 ஜனவரி 2-இல். எழுபது வருடம் கழித்து, 1990-களில், டெவனில் கில்லர்டன் என்ற பழைய மாளிகையில் வைக்கப்பட்டிருந்த அவருடைய சொந்த நூலகத்துக்குள்ளிருந்து இன்னும் சில பாட்டுக் கையெழுத்துப் பிரதிகள் வெளிவந்தன. அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்களின் பார்வை மாறியது. இப்போது எல்லாக் கையெழுத்துப் பக்கங்களும் படமெடுக்கப்பட்டு, லண்டனில் உள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. அச்சில் உள்ள பாட்டையும் கையெழுத்தில் உள்ள பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே வெட்டினார், எங்கே ஒட்டினார், எதைத் தொடாமல் விட்டார் எல்லாம் தெரிந்துவிடும்.

1905-இல் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தபோது செசில் ஷார்ப் இசைப் பகுதிக்குப் பொறுப்பேற்றுப் பியானோ பின்னணியை மாற்றினார். மெட்டு விஷயத்தில் அந்தப் பதிப்பு மேல் என்பது பொதுவான கருத்து. இருவரும் சேர்ந்து பள்ளிகளுக்காகவும் ஒரு தொகுப்பு போட்டார்கள்.

பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ‘விடிகோம் ஃபேர்’ என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். டாம் பியர்ஸ் என்பவரிடம் சாம்பல்நிறக் குதிரை ஒன்றை இரவல் கேட்டு ஏழு பேர் சந்தைக்குப் போகிறார்கள். குதிரை செத்துப்போகிறது, ராத்திரியில் மேட்டுநிலத்தில் ஆவியாக அலைகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் அந்த ஏழு பேரின் பெயரையும் ஒப்பிக்க வேண்டும். கடைசிப் பெயர் டாம் கோப்ளி மாமா. ‘ஊரே திரண்டு வந்தது’ என்று நாம் சொல்லும் இடத்தில் இங்கிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் ‘டாம் கோப்ளி மாமா வரைக்கும் எல்லோரும்’ என்கிறார்கள். அந்தப் பாட்டு டெவனைத் தாண்டிப் பரவியது பேரிங்-கூல்டின் புத்தகத்தால்தான்.

நாவல் என்றால் ‘மெஹாலா’ ஒன்றைப் படித்தால் போதும். பிடித்திருந்தால் அப்புறம் டெவன் கிராமத்துக் கதையான ‘ரெட் ஸ்பைடர்’ பக்கம் போகலாம், அது 1887-இல் வந்தது. அந்த ராட்ஃபோர்ட் வீட்டு விருந்துக்கு ஒரு வருடம் முன்னால்.